மாதனின் இடப்பக்கம்

பாப்பாயி முதல் பஸ்ஸில் மலையிலிருந்து இறங்கி, ஒரு வாழைத்தாரைத் தலையில் சுமந்துகொண்டு காளப்பநாயக்கன்பட்டியில் இருக்கும் என் கடைக்கு வந்தபோது, நான் கோணி ஊசியும் கையுமாக மிளகு மூட்டைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. கடையில் வேறு ஆள் இல்லை. தாரைக் கல்லாவுக்குப் பக்கத்தில் இறக்கிவைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தவள், என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் புருஷன் மாதனுக்கு உடம்பு கெட்டதிலிருந்து அவள் பல்லை நான் பார்த்ததில்லை. விலை பேசத்தான் வந்திருக்கிறாளோ என்று தாரைத் தட்டிப் பார்த்தேன். வியாபாரப் புத்தி எங்கே போகும். விற்க வரவில்லை, காமிலாவுக்காகக் கொண்டுவந்தேன் என்றாள். காமிலா என் மகள். அடுத்த வாரம் சேலத்தில் மாதனுக்கு மண்டையில் ஆபரேசன். அதைச் சந்தோஷமாகச் சொல்ல ஒரு மனுஷி மலையிறங்கி வந்திருக்கிறாள் என்றால், அந்தக் கதையை முதலிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

மாதன் மலைமேல் குண்டூர் நாட்டுக்காரர். சோளக்காட்டுச் சந்தையில் ஏலம் கூவுகிறவர். மலைக்காரர்கள் கொண்டுவரும் வாழை, மிளகு, காப்பிக்கொட்டை எல்லாவற்றுக்கும் அவர்தான் வாய். எங்களைப் போலக் கீழேயிருந்து போகிற வியாபாரிகளுக்கு அந்த வாயைக் கண்டால் கொஞ்சம் கிலிதான். வெறும் விலையைக் கூவிவிட்டுப் போகிற ஆளில்லை அவர். இது இன்னாருடைய மிளகு, இன்ன சரிவில் இன்ன மரத்தில் ஏறிய கொடி, போன வருஷம் மழையில் பாதி போனது, மிச்சத்தை அந்தக் கிழவர் தன் கையால் உருவிக் காயவைத்தது என்று சொல்லிக்கொண்டே போவார். கேட்டவனுக்குக் குறைத்துக் கேட்க நாக்கு கூசும். நான் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவரிடம் ஏமாந்துகொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் இனி இந்த ஆள் பேச்சில் விழக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுவேன். அடுத்த வாரமும் விழுவேன். சந்தை முடிந்ததும் அவரே வந்து டீ வாங்கிக் கொடுத்து, "வருத்தமுங்களா பாய்?" என்று கேட்பார். அந்த மனுஷன்மேல் கோபப்படவும் முடியாது.

அவருக்கு அந்த நோவு முதலில் வந்தபோது நான் எதிரில்தான் நின்றேன். நான் விலை கேட்ட மூட்டைக்குக் கூவிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். கண் எங்கேயோ நிலைகுத்தியது. வாயில் எதையோ மெல்லுவதுபோலத் தாடை அசைந்தது. கை சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருந்தது. விலை பத்தவில்லை என்றுதான் இந்த ஆள் வாயை மூடிக்கொண்டார் என்று நினைத்து, நானே விலையை ஏற்றிச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்றவன் அதற்கு மேலே ஏற்றினான். இப்படி ஊமையிடம் நாங்கள் போட்டி போட்டுக்கொண்டிருந்தபோது, அவரோடு கூடக் கூவும் செல்லமுத்து ஓடிவந்து அவரைத் தாங்கி மர நிழலில் உட்காரவைத்தார். கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. ஆனால் தலைவலி, இடது பொட்டில் ஆணி அடித்ததுபோல. அன்று முழுக்க வலித்தது என்று பிறகு சொன்னார். நாங்கள் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரித்தோம். திரும்பத் திரும்ப வர ஆரம்பித்த பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அறப்பளீஸ்வரருக்கு மொட்டை போட்டுப் பார்த்தார்கள். நாட்டு மருந்து, பத்து, பச்சிலை எல்லாம் ஆயிற்று. மலையில் எங்கே வலித்தாலும் அந்த இடத்தில் இலையை அரைத்துப் பத்துப் போட்டுவிடுவார்கள். மாதன் காதோரம் பச்சையாக எதையாவது அப்பிக்கொண்டு ஏலம் கூவுவதைச் சந்தையே பார்த்துப் பழகிவிட்டது. பிறகு கீழே வந்து மாத்திரை. அது பத்தாமல் இன்னொரு மாத்திரை. ஒருநாள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது அது வந்து, முழங்கை வெந்துபோனது. அன்றுதான் நான், என் மகள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், பெரிய டாக்டரிடம் காட்டலாம் என்று வாயைக் கொடுத்தேன்.

காமிலாவின் வேலையைப் பற்றி நான் ஊரில் யாருக்கும் ஒழுங்காகச் சொன்னதில்லை, ஏனென்றால் எனக்கே வெகுநாள் புரியவில்லை. கம்ப்யூட்டரில் மூளைக்குக் கலர் அடிக்கிறாள் என்று சொல்வேன். அவள் சிரிப்பாள். ஸ்கேன் மெஷினிலிருந்து வருகிற மூளைப் படத்தை ஒரு சாஃப்ட்வேரில் போடுவாளாம். அது ஒரு நாள் முழுக்க ஓடி, மூளையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கலர் கொடுத்து, பெயரும் போட்டு, அது எவ்வளவு பெரிசு என்றும் சொல்லிவிடுமாம். அது போட்ட பெயர் சரிதானா, கோடு தாண்டிக் கலர் வழிந்திருக்கிறதா என்று உட்கார்ந்து பார்ப்பதுதான் அவள் வேலை. பெயரை மெஷினே போட்டுவிட்டால் நீ எதற்கு என்று நான் ஒருநாள் கேட்டேன். அதற்கு அவள் என் கடையை வைத்தே பதில் சொன்னாள். "அத்தா, லாரியில மூட்டைய வரிசையா அடுக்குறீங்க. மொத வரிசை குண்டூர் நாடு, ரெண்டாவது வரிசை வேற ஊருன்னு சீட்டு ஒட்டுறவன்கிட்ட சொல்லிடுறீங்க. அவன் மூட்டைய அவுத்துப் பாக்க மாட்டான். இடத்தப் பாத்து ஒட்டிட்டுப் போவான். இதுவும் அப்படித்தான்." சரி, லாரி திரும்பி நின்றால் என்னாகும் என்று கேட்டேன். அதுதான் பெரிய தலைவலி என்றாள். ஸ்கேன் மெஷினிலிருந்து படம் இந்தச் சாஃப்ட்வேருக்கு மாறி வரும்போது சில சமயம் இடது வலதாகப் புரண்டுவிடுமாம். மூளையின் இரண்டு பக்கமும் பார்க்க ஒன்றுபோலவே இருப்பதால் புரண்டது கண்ணுக்குத் தெரியாது. சாஃப்ட்வேரும் கேள்வி கேட்காமல் இடது என்பதற்கு வலது என்று பெயர் போட்டுவிட்டுப் போகும்.

அதற்கு அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஸ்கேனுக்குப் போகிறவரின் வலது நெற்றிப்பொட்டில் ஒரு மீன் எண்ணெய் மாத்திரையை வைத்துப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிடுவார்கள். எண்ணெய் அந்தப் படத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். புள்ளி வலப்பக்கம் இருந்தால் படம் நேராக இருக்கிறது. இடப்பக்கம் இருந்தால் படம் புரண்டிருக்கிறது, திருப்பிப் போட வேண்டும். இவ்வளவுதான் கணக்கு. இத்தனை கோடி ரூபாய் மெஷினுக்கு மீன் எண்ணெய் மாத்திரைதான் வழிகாட்டியா என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

மாதன் விஷயத்தில் டாக்டர் சொன்னது இது. காதுக்கு உள்ளே, இரண்டு பக்கமும், சுண்டுவிரல் நீளத்துக்குப் புளியங்காய் மாதிரி வளைந்து ஒரு பாகம் இருக்கிறது. ஏதாவது ஒரு பக்கம் அது சுருங்கிப்போயிருந்தால் அங்கேயிருந்துதான் இந்த நோய் கிளம்புகிறது, அதை எடுத்துவிட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. ஃபிலிமில் பார்த்தால் இரண்டும் ஒரே அளவாகத் தெரிந்தது. தலையில் ஒயர் வைத்து எடுத்த சோதனையும் ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம் என்று காட்டியது. அதனால் அளவெடுத்துச் சொல்ல காமிலாவின் சாஃப்ட்வேரிடம் விட்டார்கள். டாக்டர் மாதனை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்: பேச்சு முக்கால்வாசிப் பேருக்கு இடப்பக்கம் இருக்கிறது. வலது என்றால் பயமில்லை. இடது என்றால் எடுக்கலாம், ஆனால் பெயர்கள் தடுமாறலாம், ஆட்களின் பெயர், பொருள்களின் பெயர். மாதன் எதையும் யோசிக்கவில்லை. இடது என்றால் எனக்கு வேண்டாம், நோவோடவே இருந்துக்கிறேன் என்று அங்கேயே சொல்லிவிட்டார். வாய் போனால் மலையில் நான் யார் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அல்லாஹ்வே, வலதாக இருக்கட்டும் என்று அன்று தொழுகையில் அவருக்காகவும் கேட்டேன். வலது என்றுதான் வந்தது. வலப்பக்கம் சுருங்கியிருக்கிறது என்று காமிலாவின் சாஃப்ட்வேர் சொன்னது. டாக்டர் தேதி கொடுத்தார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் பாப்பாயி தாரோடு வந்திருந்தாள். கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. சலீமா, என் வீட்டுக்காரி, அவளை உள்ளே கூப்பிட்டு இடியாப்பமும் டீயும் கொடுத்தாள். காமிலாவும் வந்து உட்கார்ந்தாள். பாப்பாயி காமிலாவின் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரியில் எல்லோரும் நல்லவர்கள் என்றாள். மெஷினுக்குள் போட்டபோது லாரி ஹாரன் மாதிரி சத்தம் வந்ததாம், மாதன் பயப்படவே இல்லையாம். பிறகு டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள்.

"அந்த ரூமுக்குப் போறதுக்கு முந்தி ஒரு பத்து ஒட்டுனாங்க பாருங்க கண்ணு, மாத்திரையாட்டம். அதுதான் நல்லா கேட்டுதுங்க. ரெண்டு நாளைக்கு வலியே இல்ல. பாவம் அந்த நர்சுப் புள்ள, அவசரத்துல வலிக்காத பக்கமா ஒட்டிட்டுப் போயிருச்சு. நாந்தான் பிச்சு எடுத்து வலிக்கற பக்கம் ஒட்டி உட்டேன்."

காமிலாவின் கை டம்ளரிலேயே நின்றுவிட்டது. எந்தப் பக்கம் ஒட்டினீர்கள் என்று கேட்டாள். குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. பாப்பாயி தன் இடது பொட்டைத் தொட்டுக் காட்டினாள். "இங்கதானுங்க அவுருக்கு வலிக்குது."

யாரும் அந்த அம்மாளிடம் அது என்ன என்று சொல்லவில்லை. ஒட்டிவிட்டு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். கூட்டம். யாரிடம் கேட்டாலும் சத்தம் போடுவார்கள் என்று பயம். இவளுக்குத் தெரிந்ததெல்லாம் வலிக்கிற இடத்தில் மருந்து ஒட்ட வேண்டும் என்பது. உள்ளே மெஷினை ஓட்டுகிற ஆள் மாத்திரை இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது, விட்டுவிட்டார். படம் நேராகத்தான் வந்திருக்கிறது. புள்ளி இடப்பக்கம் இருப்பதைப் பார்த்துக் காமிலா முறைப்படி அதைத் திருப்பிப் போட்டிருக்கிறாள். சாஃப்ட்வேர் மாதனின் இடப்பக்கத்துக்கு வலது என்று பெயர் போட்டு, சுருங்கியது வலது என்று சொல்லிவிட்டது. அப்படியென்றால் டாக்டர் அடுத்த வாரம் வலப்பக்கம் திறந்து, நன்றாக இருக்கிற பாகத்தை எடுக்கப் போகிறார். நோவு அப்படியே இருக்கும். இதை நான் மெல்ல மெல்லப் புரிந்துகொண்டேன். காமிலாவுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது.

அவள் பாப்பாயியிடம் எல்லாவற்றையும் அங்கேயே சொன்னாள், மறைக்காமல். பாப்பாயிக்குப் பாதிதான் புரிந்தது. முகம் மட்டும் சுண்டிப்போனது. "நாஞ் செஞ்சது தப்புங்களா?" என்று கேட்டாள். "இல்லீங்க. உங்ககிட்ட சொல்லியிருக்கணும். யாரும் சொல்லல" என்றாள் காமிலா. எழுந்து போனை எடுத்தாள். சலீமா அவளைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் குசுகுசுவென்று பேசினாள். வேலை போய்விடும், நாளைக்கு நேரில் போய்ப் பக்குவமாகச் சொல்லலாம், ஞாயிற்றுக்கிழமை பெரிய மனுஷரைத் தொந்தரவு செய்யாதே என்று. சலீமா பயப்பட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் வீட்டில் மாதாமாதம் சம்பளக் கவர் வாங்குகிற முதல் ஆள் மகள்தான். காமிலா சத்தம் போடவில்லை.

"அம்மா, அவரு மண்டைய தொறக்கப் போறாங்க" என்றாள்.

டாக்டர் முதலில் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள், எடுத்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். இவள் நடந்ததை வரிசையாகச் சொன்னாள். நிச்சயமா என்று கேட்டார்போல. "மாத்தி ஒட்டுனவங்களே இங்க உக்காந்திருக்காங்க சார்" என்றாள். பிறகு ஆமாம் சார், சரி சார் என்று நாலைந்து தடவை. போனை வைத்துவிட்டு, ஆபரேசனை நிறுத்தியாயிற்று, மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார் என்றாள். திட்டினாரா என்று சலீமா கேட்டாள். திட்டவில்லை, தேங்க்ஸ் சொன்னார் என்றாள் காமிலா, சொல்லிவிட்டு அழுதாள். நான் மறுபடி கடைக்குப் போய் அந்த மூட்டையைத் தைக்க உட்கார்ந்தேன், ஊசி கோர்க்க வரவில்லை.

இரண்டாவது ஸ்கேனுக்கு நானே மாதனைக் கூட்டிப்போனேன். காமிலா தன் கையால் வலது பொட்டில் மாத்திரையை ஒட்டி, இது மருந்து இல்லை, அடையாளம் என்று விளக்கி, அவரை உள்ளே அனுப்புகிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மாதன் அசையாமல் இருந்தார். ஆட்டுக்குக் காதில் அடையாளம் போடுவது மாதிரிதானே என்று அவளைச் சிரிக்கவைக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. எடுத்து முடித்ததும் அவர் மலைக்குப் போய்விட்டார். சாஃப்ட்வேர் ஒரு நாள் ஓடியது. இடது என்று வந்தது.

டாக்டர் அவரை அழைத்துவரச் சொன்னார். குண்டூர் நாட்டில் அவர்கள் வீடு இருக்கிற பக்கம் போன் எடுக்காது, சொல்லி அனுப்பவும் இது சொல்லி அனுப்புகிற விஷயம் இல்லை. நானே போகிறேன் என்றாள் காமிலா. எனக்கும் சந்தை வேலை இருந்தது என்று ஒரு சாக்குச் சொல்லிக் கூடக் கிளம்பினேன். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். மடியில் பிளாஸ்டிக் கவருக்குள் அந்தக் கலர்ப்படம் இருந்தது. சோளக்காட்டில் இறங்கி ஒரு ஜீப் பிடித்தோம். அது விட்ட இடத்திலிருந்து நடந்தோம். நல்ல சேதி கொண்டுபோகும்போதுதான் வழியெல்லாம் பேச்சு வரும்.

மாதன் வீட்டு வாசலில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. "இடதுங்களா?" என்று கேட்டார். காமிலா தலையாட்டினாள். உள்ளே போய்ப் பாய் விரித்து உட்காரவைத்தார்கள். கவரிலிருந்து படத்தை எடுத்துக் கீழே வைத்தாள். பச்சை, மஞ்சள், ஊதா என்று கோயில் கோபுரத்துக்குப் பெயின்ட் அடித்த மாதிரி இருந்தது. மாதன் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். இதில் என் பேச்சு எது என்று கேட்டார்.

"இது எடத்துக்குத்தான் பேரு போடுதுங்க" என்றாள் காமிலா. "உங்களுக்கு அந்த எடத்துல என்ன இருக்குதுன்னு இதுக்குத் தெரியாது. டாக்டருக்கும் முழுசா தெரியாது. சில பேருக்கு எடுத்தாலும் ஒண்ணும் ஆகறதில்ல. சில பேருக்கு பேரு நாக்கு வரைக்கும் வந்து நின்னுரும்."

எந்தப் பேரு போகும் என்று கேட்டார். அதையும் சொல்ல முடியாது என்றாள். மனுஷனுக்குக் கோபம் வந்தது. போன வாரம் வலது, இந்த வாரம் இடது, அடுத்த வாரம் நடு என்பீர்களா என்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது ஏலத்தில் மட்டும்தான். மூலையில் நின்ற பாப்பாயி, அந்தப் புள்ளய ஏன் பேசறீங்க, மாத்தி வெச்சது நானு என்றாள். மாதன் அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபம் அப்படியே இறங்கிவிட்டது. "நீ மாத்தி வெக்காட்டி மொதல்லயே இடதுன்னு வந்திருக்கும். நானும் அன்னைக்கே வேண்டாம்னிருப்பேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நடுவுல பத்து நாளு நல்லாயிருந்துச்சுங்க பாய். ராத்திரியெல்லாம் நல்லாத் தூங்குனோம்" என்றார்.

அவர் முடிவு மாறவில்லை. இந்த மலையில் தனக்குக் காடு கொஞ்சம், மரம் கொஞ்சம், அதையெல்லாம் வைத்து யாரும் தன்னை மதிக்கவில்லை, பேரைச் சொல்லிக் கூவுகிறேன் என்றுதான் மதிக்கிறார்கள் என்றார். எவன் மரத்து மிளகு என்று சொல்ல வராமல் நின்றால், உங்களைப் போல ஆட்கள் அடிமாட்டு விலைக்கு அடித்துக்கொண்டு போய்விடுவீர்கள் என்று என்னைக் குத்தினார். உண்மைதான். போவோம். எப்போதாவது வருகிற நோவு, வந்தால் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்துவிடுகிறேன், அதற்காக வாயை விற்க முடியாது என்றார். காமிலா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். படத்தைக் கவருக்குள் வைத்தாள்.

வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்ப அவருக்கு மனசில்லை. மூலையிலிருந்து ஒரு பலாப்பழத்தை உருட்டிக்கொண்டு வந்து, கத்திக்கு எண்ணெய் தடவி, கோபத்தையெல்லாம் மறந்தவர்போல என்னோடு மிளகு விலையைப் பேசிக்கொண்டே பிளக்க ஆரம்பித்தார். இந்த வருஷம் காய்ப்பு எப்படி, மழை எப்படி என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. ஒரு வார்த்தையின் நடுவில் நின்றார். கண் சுவரில் நிலைத்தது. தாடை அசைந்தது. கத்தி பிடித்த கை அப்படியே இருக்க, இன்னொரு கை சட்டைப் பொத்தானைத் தேடியது. நான் பதறி எழுந்தேன். பாப்பாயி எழவில்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கத்தியை எடுத்துத் தன் பின்னால் வைத்துக்கொண்டாள். தினமும் செய்கிறவள் கை அது. பிறகு அவர் தோளில் கை வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் கண்ணில் ஆள் வந்த மாதிரி இருந்தது. ஆனால் இன்னும் தெளியவில்லை. எங்களை மாறி மாறிப் பார்த்தார். சந்தையில் அவருக்கு வந்தபோதெல்லாம் நாங்கள் தூக்கி நிழலில் உட்காரவைத்துவிட்டு ஏலத்துக்குத் திரும்பிவிடுவோம். இந்த இடைவெளியை நான் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை. பாப்பாயி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, எங்களிடம் பேசினாள்.

"பேரு போயிரும்னு பயப்படறாருங்க. அது இப்பவே போவுதுங்க. இப்படி வந்து போனா கொஞ்ச நேரத்துக்கு ஒரு பேரும் வராது அவுருக்கு. எம்பேரே வராது. நான் பக்கத்துல இருந்து ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்துருவேன். தானா வந்துச்சுன்னு நெனைச்சுக்குவாரு. முன்னெல்லாம் சட்டுனு வரும். இப்ப நேரமாவுதுங்க." அவள் குரல் தழுதழுத்தது. "இத நான் அவுருகிட்டச் சொன்னதே இல்ல. எப்படிங்க சொல்லுவேன்?"

மாதன் எங்கள் பக்கம் கையை நீட்டினார். வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் அவருக்கு நினைவு இருந்தது. "பாய்க்கு..." என்றார். "பாய்க்கு... இத... இத..." பாதி பிளந்து கிடந்ததை விரலால் காட்டினார். உதடு சேர்ந்தது, பிரிந்தது. காமிலா முன்னால் சாய்ந்து பெயரைச் சொல்ல வாயெடுத்தாள்.

பாப்பாயி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "சொல்லாதீங்க கண்ணு. இன்னைக்கு அவுரே தேடட்டும். அவுருக்குத் தெரியட்டும்."

மாதன் பாப்பாயியைப் பார்த்தார். வழக்கமாக அவளிடமிருந்து வருகிறது வரவில்லை என்று புரிந்ததுபோல, அவள் வாயையே பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கீழே குனிந்துகொண்டாள். அவர் மெல்லக் கையை நீட்டி அந்த முள்தோலைத் தடவினார். விரலில் பால் ஒட்டியது. அதை மோந்து பார்த்தார். வீடு முழுக்க அந்த வாசம். நாங்கள் நாலு பேரும் அந்தப் பழத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். மூன்று பேருக்கு அதன் பெயர் தெரியும்.